நூற்றுக்கு 95 அரசுப் பணம். மீதி 5 யார் பொறுப்பு?

தில்லித் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகமும் நிதியும்

தலைநகரில் தமிழர்கள் நடத்தும் மேல்நிலைப் பள்ளிகள் ஏழு. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், பூசா ரோடு, லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய இடங்களில் அவை இருக்கின்றன. ஏழும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சி.பி.எஸ்.இ.) பாடத் திட்டத்தைப் பின்பற்றுகின்றன. ஏழும் அரசு உதவி பெறுபவை. ஏழையும் நடத்துவது தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்ற ஒரே அமைப்பு.

ஆபீசுக்குப் போகும் வழியில் இந்தப் பள்ளிகளைப் பஸ்ஸில் கடந்து செல்லும் தமிழர்கள் பலர். ஆனால் இவை சர்க்கார் பள்ளிகளா, தனியார் பள்ளிகளா என்று கேட்டால் பலரும் சற்றுத் தயங்குவார்கள். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. சம்பளப் பணம் சர்க்காருடையது, நிர்வாகம் தமிழர்களுடையது. ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கு 95 பங்கை தில்லி அரசு தருகிறது. மீதி 5 பங்கை நிர்வாகம் தேடிக்கொள்ள வேண்டும். இந்த 5 பங்கு பார்வைக்குச் சிறியதுதான். ஆனால் பள்ளியை ஆளும் உரிமை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த உரிமையை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே இந்தப் பள்ளிகளின் எதிர்காலம் அமையும்.

குமாஸ்தாக்கள் தொடங்கிய பள்ளி

1911 டிசம்பரில் நடந்த தில்லி தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்ற அறிவிப்பு வந்தது. சர்க்கார் காரியாலயங்கள் இடம் மாறின. ஆங்கிலமும் கணக்கும் சுருக்கெழுத்தும் கற்றிருந்த மதராஸ் மாகாணத்து இளைஞர்கள் மூட்டை முடிச்சோடு வடக்கே ரயிலேறினார்கள். கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் தில்லி என்று சர்க்காரே ஆண்டுக்கு இருமுறை இடம் பெயர்ந்த காலம் அது. குடும்பத்தை அழைத்து வந்தவர்களுக்கு முதலில் எழுந்த கேள்வி வீட்டைப் பற்றியது. அடுத்தது பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது.

அந்தக் கேள்விக்கு விடையாக 1923ஆம் ஆண்டு மதராஸி கல்விச் சங்கம் என்ற பெயரில் ஓர் அமைப்பு உருவாயிற்று. விந்திய மலைக்குத் தெற்கே இருந்து வந்த எல்லோருமே வடக்கில் 'மதராஸி'கள்தான். மொழிவாரி மாநிலங்கள் 1956இல் அமைந்தன. மதராஸ் ராஜ்யம் 1969இல் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. சங்கமும் பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஆயிற்று. 2023இல் அதற்கு நூறு வயது நிறைந்தது. இந்தித் திரையுலகில் புகழ்பெற்ற ஹேமமாலினி, மந்திர் மார்க் பள்ளியில் படித்தவர் என்பதைப் பழைய மாணவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வதுண்டு.

ஏழு பள்ளிகளும் இருக்கும் இடங்களைப் பார்த்தாலே தில்லித் தமிழரின் சரித்திரம் ஓரளவு விளங்கிவிடும். ரீடிங் ரோடு என்று முன்பு வழங்கிய மந்திர் மார்க், செக்ரட்டேரியட்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம் ஆகியவற்றைச் சுற்றி இருந்தவை சர்க்கார் குவார்ட்டர்ஸ்கள். பூசா ரோடு பள்ளி, தமிழர்கள் வாடகை வீடுகளில் நெருங்கி வாழ்ந்த கரோல்பாகை ஒட்டியது. ஜனக்புரி, ஓய்வுபெறும் வயதில் சொந்த வீடு தேடிப் போனவர்களின் இடம். குமாஸ்தாக்கள் எங்கே குடியேறினார்களோ, அங்கே பள்ளியும் போயிற்று. இந்தக் கணக்கு பின்னால் மாறியதுதான் இன்றைய கவலைகளில் முக்கியமானது.

ஆட்சி செய்வது யார்?

இந்தப் பள்ளிகளின் நிர்வாகம் மூன்று அடுக்குகளாக அமைந்தது. மேலே இருப்பது கல்விக் கழகம். அதன் உறுப்பினர்கள் தேர்தல் மூலம் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்த அடுக்கில், ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே ஒரு நிர்வாகக் குழு. மூன்றாவதாக, வெளியே இருந்து மேற்பார்வை செய்வது தில்லி அரசின் கல்வி இயக்ககம்.

பள்ளி நிர்வாகக் குழு எப்படி இருக்க வேண்டும் என்பதை 1973ஆம் ஆண்டின் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டமும் அதன் விதிகளும் வகுத்திருக்கின்றன. உதவி பெறும் பள்ளியின் குழுவில் 15 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தலைமை ஆசிரியர் அதில் உறுப்பினர். அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் 2 பேர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் பெற்றோர் ஒருவர் ஆகியோருக்கு இடம் உண்டு. கல்வி இயக்குநரும் ஆலோசனைக் குழுவும் நியமிக்கும் உறுப்பினர்களும் உண்டு. எஞ்சிய இடங்களைப் பள்ளியை நடத்தும் சங்கம் நிரப்புகிறது. பதினைந்தில் பெற்றோருக்கு ஒன்று. அதுவும் விதிப்படி தேர்தல் நடந்தால்தான்.

இங்கே ஒரு சிறு ஒப்பீடு பயன்படும். அமெரிக்காவில் 'பள்ளி மாவட்டம்' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. நாடெங்கும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள். பெரும்பாலானவற்றில் வட்டார மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவே பள்ளிகளை நடத்துகிறது. செலவில் கணிசமான பங்கு அதே மக்கள் செலுத்தும் சொத்து வரியிலிருந்து வருகிறது. பிள்ளையை அனுப்புகிறவரும் வரி செலுத்துகிறவரும் வாக்களிக்கிறவரும் பெரும்பாலும் ஒருவரே. ஆகையால் கணக்குக் கேட்பதற்கு அங்கே ஆள் இருக்கிறது.

நாட்டுக்குள்ளேயே இன்னொரு முறையும் உண்டு. பம்பாயில் தாராவி போன்ற பகுதிகளில் மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. ஆசிரியர் வரவில்லை என்றால் அங்கே வட்டாரக் கவுன்சிலரைப் போய்ப் பார்க்கலாம். வாக்குக்காகவாவது அவர் காது கொடுப்பார்.

தில்லித் தமிழ்ப் பள்ளிகளில் நிலைமை வேறு. பணம் தருவது அரசு. ஆள்வது சங்க உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகிகள். பிள்ளையை அனுப்புவது பெற்றோர். பெற்றோர் என்ற காரணத்தாலேயே ஒருவர் சங்க உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. தனியே விண்ணப்பித்துச் சேர வேண்டும். சேராதவருக்கு வாக்கு இல்லை.

பணம் வரும் வழி

அரசு உதவிப் பள்ளியின் பெரும் செலவு சம்பளம்தான். உதவி பெறும் பள்ளி ஆசிரியரின் சம்பளம் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தைவிடக் குறையக் கூடாது என்பது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆவது பிரிவு. ஏழாவது ஊதியக் குழுவின்படி பட்டதாரி ஆசிரியர் ஒருவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ. 44,900. முதுநிலைப் பட்டதாரி ஆசிரியருக்கு ரூ. 47,600. தொடக்கநிலை ஆசிரியருக்கு ரூ. 35,400. இதற்கு மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப் படி முதலியவை.

பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதம் என்றால் ரூ. 2,245. ஒருவருக்கு இது பெரிய தொகை அல்ல. ஒரு பள்ளியில் இந்த நிலையில் 40 பேர் வேலை செய்வதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மாதம் ரூ. 89,800 ஆகிறது, வருஷத்துக்கு ரூ. 10,77,600. இது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும். பஞ்சப்படி ஒவ்வொரு முறை உயரும்போதும் நிர்வாகத்தின் பங்கும் உடன் உயரும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் மிகுந்த பள்ளியில் தொகை இன்னும் அதிகம். இப்படி ஏழு பள்ளிகளுக்கும் சேர்த்துப் பார்த்தால், 5 சதவீதம் என்பது சில்லறை விவகாரம் அல்ல என்பது விளங்கும்.

கட்டடப் பழுது, பெஞ்சுகள், பரிசோதனைச் சாலை, கழிப்பறை, கம்ப்யூட்டர் அறை என்று சம்பளத்துக்கு அப்பாற்பட்ட செலவுகளும் வரிசையில் நிற்கின்றன. தனியார் பள்ளி இவற்றைக் கட்டணத்தை உயர்த்திச் சமாளித்துக்கொள்கிறது. உதவி பெறும் பள்ளிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நன்கொடையாளர்கள், பழைய மாணவர்கள், தொழில் நிறுவனங்கள் ஆகியோரிடம்தான் போய் நிற்க வேண்டும். நூறு ஆண்டுகளாகத் தமிழ்ப் பள்ளிகள் நிலைத்திருப்பதில் பெயர் வெளியே தெரியாத பல நன்கொடையாளர்களுக்குப் பங்கு உண்டு.

எட்டாம் வகுப்பு வரை மதிய உணவுத் திட்டம் அரசு உதவிப் பள்ளிகளுக்கும் பொருந்தும். காமராஜர் 1956இல் விரிவாகத் தொடங்கி வைத்ததும், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கியதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2021இல் மத்திய அரசு அந்தத் திட்டத்துக்குப் பி.எம். போஷண் என்று பெயர் சூட்டியது.

தலை எண்ணினால்தான் பணியிடம்

அரசு 95 பங்கு தருகிறது என்றால் கேட்ட இடத்துக்கெல்லாம் தருகிறது என்று பொருள் அல்ல. மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் தேவை என்பதைக் கல்வி இயக்ககம் நிர்ணயிக்கிறது. அப்படி அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கு மட்டுமே உதவித் தொகை. பிள்ளைகள் குறைந்தால் பணியிடமும் குறையும்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. ஓர் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். புதியவரை நியமிக்கக் கல்வி இயக்ககத்தின் ஒப்புதலோடு பல படிகளைக் கடக்க வேண்டும். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். இடைக்காலத்தில் நிர்வாகம் தன் செலவில் தற்காலிக ஆசிரியரை வைத்தால் நூற்றுக்கு நூறு சம்பளமும் அதன் தலையில் விழும். வைக்காவிட்டால் பாடம் நின்றுபோகும். பாடம் நின்றால் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். எண்ணிக்கை குறையும், அதைக் காட்டிப் பணியிடமும் குறைக்கப்படும். பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரின் நாற்காலி ஒரு பருவம் காலியாக இருந்தால், அதன் விலையை முதலில் கொடுப்பவர்கள் அந்த வருஷத்து மாணவர்கள்.

எண்ணிக்கைக்கு வேறொரு திசையிலிருந்தும் போட்டி உண்டு. மத்திய அரசு ஊழியருக்கு ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2017 ஜூலை முதல் ஒரு குழந்தைக்கு மாதம் ரூ. 2,250 கல்விப் படி கிடைத்தது. 2024 ஜனவரி முதல் அது ரூ. 2,812.50 ஆனது. இரண்டு குழந்தைகளுக்கு இது உண்டு. படி கையில் வரும்போது, ஆபீஸ் உத்தியோகஸ்தர் பிள்ளையைத் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப நினைப்பது இயல்பு. எந்த வகுப்பினர் இந்தப் பள்ளிகளைத் தோற்றுவித்தார்களோ, அந்த வகுப்பினரின் பேரப் பிள்ளைகளே வேறு வாசல் தேடினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பெஞ்சுகளில் சமையல் வேலை செய்பவர், டிரைவர், வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார் ஆகியோரின் பிள்ளைகள் கணிசமாக வந்து அமர்ந்தார்கள். கட்டணம் கட்டி வேறு பள்ளிக்குப் போக முடியாத இந்தக் குடும்பங்களுக்குத்தான் தமிழ்ப் பள்ளியின் தரம் உயிர்ப் பிரச்னை.

கலைந்த குடியிருப்புகள்

வீடு இருக்கும் இடத்தில் பள்ளி என்ற பழைய கணக்கு மாறியதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று குவார்ட்டர்ஸ்களின் மறுநிர்மாணம். சரோஜினி நகர், நேதாஜி நகர், நவ்ரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ நகர், சீனிவாசபுரி, முகம்மத்பூர் ஆகிய ஏழு சர்க்கார் காலனிகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2016 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. லட்சுமிபாய் நகரை அடுத்த கிழக்குக் கித்வாய் நகர் அதற்கு முன்பே இடிக்கப்பட்டிருந்தது. வேலை தொடங்கிய இடங்களில் குடியிருந்தவர்கள் பல திசைகளுக்குப் பிரிந்து போனார்கள்.

இன்னொன்று குடிசைப் பகுதிகளின் அகற்றம். ஜங்புராவில் பாராபுல்லா நாலாவின் கரையோரம் பல பத்தாண்டுகளாக இருந்த மதராஸி கேம்ப், தில்லி ஐகோர்ட்டின் உத்தரவுப்படி 2025 ஜூன் 1ஆம் தேதி இடித்து அகற்றப்பட்டது. அங்கே இருந்தவை சுமார் 370 வீடுகள். குடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த உழைப்பாளிக் குடும்பத்தினர். மழைக்காலத்தில் நாலா அடைபட்டு வெள்ளம் சூழ்வதைத் தடுக்க ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்பது உத்தரவின் அடிப்படை. மாற்று வீட்டுக்குத் தகுதி உள்ளவர்கள் என்று முடிவு செய்யப்பட்டவர்களுக்கு நகரின் வடக்குக் கோடியில் உள்ள நரேலாவில் இடம் ஒதுக்கப்பட்டது. தகுதி இல்லை என்று சொல்லப்பட்டவர்களும் ஏராளம்.

மதராஸி கேம்ப் பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவர்கள். ஜங்புராவிலிருந்து லோதி எஸ்டேட் பக்கத்து ஊர் போல. நரேலாவிலிருந்து 30 கிலோ மீட்டருக்கும் மேல். ஒரு பத்து வயதுச் சிறுமி தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வரக்கூடிய தூரம் அல்ல அது. வீடு கிடைத்தவர்களும் நரேலாவுக்குப் போகத் தயங்கியதற்கு வேலையின் தூரத்தோடு பள்ளியின் தூரமும் காரணமாக இருந்தது. நரேலாப் பக்கம் தமிழ்ப் பள்ளி இல்லை. ஒரு நாலாவின் கரையில் நடந்த இடிப்பு, சில மைல் தள்ளியிருக்கும் ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டையும் தொட்டுவிட்டது.

இது போன்ற நெருக்கடி மலேசியத் தமிழர்களுக்கும் வந்தது. அங்கே ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உண்டு. பல ரப்பர் தோட்டங்களில் தோன்றியவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது தோட்டப் பள்ளிகள் வெறிச்சோடின. சில பள்ளிகளை மூடாமல், அவற்றின் உரிமத்தைத் தமிழர் புதிதாகக் குடியேறிய பகுதிகளுக்கு மாற்றிப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். மக்கள் போன வழியில் பள்ளியைக் கொண்டுபோவது என்பது அதன் பொருள். தில்லியிலும் கிழக்கே மயூர் விகாரில் எட்டாவது பள்ளி காண எடுக்கப்பட்ட முயற்சி இந்த வழியைச் சேர்ந்ததுதான். வடக்கே போனவர்களுக்கு உடனே ஒரு பள்ளி கட்டிவிட முடியாது. ஆனால் ஒரு பள்ளி வாகனத்துக்கு வழி செய்வது பற்றி யோசிக்கலாம்.

தேர்ச்சி விகிதம் சொல்வதும் சொல்லாததும்

ஒவ்வொரு ஆண்டும் சி.பி.எஸ்.இ. முடிவுகள் வெளிவரும்போது பெற்றோர் முதலில் பார்ப்பது தேர்ச்சி விகிதத்தை. ஒரு பாடத்தில் தேறுவதற்கு வேண்டியது 33 சதவீத மதிப்பெண். ஒரு பள்ளியில் நூற்றுக்கு நூறு பேரும் தேறினார்கள் என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துப் பள்ளியை எடை போட முடியாது.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு சில உண்டு. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்தார்கள்? ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் தேக்கப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள்? தேறியவர்களின் சராசரி மதிப்பெண் என்ன? கணக்கு, விஞ்ஞானம் ஆகிய பாடங்களுக்கு ஆண்டு முழுவதும் ஆசிரியர் இருந்தாரா? பலவீனமான மாணவரைப் பத்தாம் வகுப்புக்கு வராமல் தடுத்துவிட்டு நூறு சதவீதம் காட்டும் பள்ளியும் உண்டு. எல்லோரையும் அழைத்துச் சென்று தொண்ணூறு சதவீதம் காட்டும் பள்ளியும் உண்டு. இரண்டில் எது நல்ல பள்ளி என்பதைக் கூறத் தேவையில்லை.

தமிழ்ப் பள்ளி என்பதால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: தமிழை எத்தனை பேர், எதுவரை படித்தார்கள்? சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் இரண்டு மொழிகள் கட்டாயம். அவற்றில் ஒன்று ஆங்கிலமாகவோ இந்தியாகவோ இருக்க வேண்டும். தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தோடு தமிழை எடுப்பதா, இந்தியை எடுப்பதா என்ற இடத்தில் நிற்கிறது. மார்க்கு எதில் அதிகம் வரும் என்ற கணக்கில் முடிவு எடுக்கப்படுகிறது. தமிழ் படித்தால் மேற்படிப்புக்குப் பயன் இல்லை என்ற எண்ணம் பரவலாக உண்டு. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வில் 13 மொழிகளில் தமிழும் ஒன்றாக இடம்பெற்றது. ஆகவே அந்த எண்ணம் முழுக்கச் சரியல்ல.

பெற்றோருக்கு உள்ள உரிமை

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்றது. ஆனால் 2012இல் செய்த திருத்தத்தின்படி, சிறுபான்மைப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் அந்தக் குழு ஆலோசனை சொல்லலாம், ஆணையிட முடியாது. 2014 மே மாதம் பிரமாதி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐவர் அமர்வு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று அந்தத் தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு விட்டது.

தில்லியில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். சொந்தப் பள்ளி நிறுவி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30ஆவது ஷரத்து தருகிறது. இந்த உரிமைக்கு நடைமுறையில் வலு உண்டு. 2010இல் தில்லியிலுள்ள சிந்திக் கல்விச் சங்கத்தின் வழக்கில், உதவி பெறும் மொழிச் சிறுபான்மைப் பள்ளியின் ஆசிரியர் நியமனத்தில் அரசு தன் விதியைத் திணிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. நிர்வாகம் சீர்கெட்ட பள்ளியை அரசு சிறிது காலம் எடுத்து நடத்தலாம் என்ற தில்லிச் சட்டத்தின் 20ஆவது பிரிவும் சிறுபான்மைப் பள்ளிக்குப் பொருந்தாது.

இது பெரிய பாதுகாப்பு. பெரிய பொறுப்பும் கூட. அரசு எளிதில் தலையிட முடியாது என்றால், தவறு நேரும்போது தட்டிக் கேட்க வேண்டியவர்கள் உள்ளே இருப்பவர்களே. அரசியல் சட்டம் உரிமையைத் தந்தது தமிழ்ச் சமூகத்துக்கு. அந்த ஆண்டு தேர்தலில் வென்ற ஓர் அணிக்கு அல்ல.

கேட்பதற்கு வழிகள் இருக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தேர்தலில் கலந்துகொள்வது முதல் வழி. பகல் வேலையை விட்டு வர முடியாத தாய் தந்தையர் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையில் அதை நடத்தச் சொல்லிக் கேட்கலாம். தகுதியுள்ளவர்கள் கழக உறுப்பினராவது இரண்டாவது வழி. ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைக் கேட்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. மூன்றாவது, 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம். பதிவு பெற்ற சங்கம் தன் நிர்வாகிகளின் பட்டியலை ஆண்டுதோறும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே உள்ள தஸ்தாவேஜுகளை யாரும் பார்வையிடலாம். சட்டத்தில் குறித்த கட்டணம் ஒரு ரூபாய்.

நான்காவது, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் கல்வி நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019 செப்டம்பரில் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது. சம்பளத்தில் நூற்றுக்கு 95 பெறும் பள்ளியைப் பற்றிக் கேட்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, நிரப்ப எழுதிய கடிதம் எந்த மேஜையில் நிற்கிறது என்ற நான்கு கேள்விகளைப் பள்ளிக்கும் கல்வி இயக்ககத்துக்கும் ஒரே நாளில் அனுப்பினால், தாமதம் யாரிடம் என்பது வெளிச்சமாகிவிடும். அந்த விவரம் நிர்வாகத்துக்கே கூட உதவும்; இயக்ககத்தின் கதவைத் தட்டும்போது பெற்றோரின் கடிதமும் கையில் இருக்கும்.

1923இல் கூடி யோசித்தவர்களில் பணக்காரர் மிகக் குறைவு. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தவர்கள்தான் அதிகம். அவர்களே கட்டினார்கள், அவர்களே ஆண்டார்கள், அவர்கள் பிள்ளைகளே படித்தார்கள். இன்று கட்டியவர், ஆள்பவர், படிக்கிறவர் என்று மூன்று தரப்பாகப் பிரிந்திருப்பவர்கள் ஒரே கூட்டத்தில் வந்து அமரும் நாளில், 95க்கும் 5க்கும் சரியான கணக்குக் கிடைக்கும். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கான சுற்றறிக்கை பிள்ளையின் பையில் வரும்போது, அதைக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புவதோடு நிற்காமல் நேரில் போவது அதற்கு முதல் படி.